தண்ணீர் போகாத இடம்

அஞ்சப்பன் போட் என்ஜின் பழுதுபார்க்கும் தொழில் கற்றுக்கொள்ள வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. கற்றுக்கொடுத்த நாகமுத்து மேஸ்திரிக்கு முப்பத்தெட்டு. சீடர் குருவை "மேஸ்திரி" என்பார். குரு சீடரை "அண்ணே" என்பார். துறைமுகத்தில் இதைக் கேலி பேசியவர்களில் நானும் ஒருவன்.

நான் துறைமுக வாசலில் ரப்பர் ஹோஸும் கிளிப்பும் விற்கிறவன். போட் என்ஜினுக்குத் தண்ணீர் ஓடுகிற குழாயெல்லாம் என் கடையில்தான் வாங்குவார்கள். நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் ஒளித்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

அஞ்சப்பன் முப்பது வருஷம் விசைப்படகில் டிரைவராக இருந்தவர். முட்டி இரண்டும் போனபிறகு கடலை விட்டார். ஒரு நாள் வந்து மேஸ்திரி முன்னால் நின்றார்.

"இந்தத் தொழில்ல முதல்ல என்ன கத்துக்கணும் மேஸ்திரி?"

"கையைக் குடுங்கண்ணே."

ஓடிக்கொண்டிருந்த ஒரு என்ஜினின் மேனிபோல்டில் அவர் உள்ளங்கையைக் கொண்டுபோய் வைத்தார் மேஸ்திரி. மேனிபோல்டு என்பது என்ஜினுக்குள்ளிருந்து புகையை வாங்கி வெளியே தள்ளுகிற இரும்புப் பெட்டி. உள்ளே ஓடும் புகை நெருப்பாகக் கொதிக்கும். அதனால் அதற்கு இரட்டைச் சுவர் வைத்து, நடுவில் கடல் தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

"சுடலையே மேஸ்திரி."

"ஒரு முனையிலேர்ந்து மறு முனை வரைக்கும் தடவிப் பாருங்க. மேல, கீழ எல்லாம்."

"எங்கயும் சுடலை."

"போதும். போய் டீ குடிச்சிட்டு வாங்க."

அன்றைய பாடம் அவ்வளவுதான். கோமாளித்தனம் என்று நினைத்தேன். ஆனால் மேஸ்திரி எந்த என்ஜினில் வேலை செய்தாலும் கடைசியில் இப்படிக் கை வைப்பார். அவர் கையை வைத்து எடுத்தபிறகுதான் டிரைவர் என்ஜினுக்குச் சூடம் காட்டுவார். சூடம் காட்டியபிறகுதான் போட் கிளம்பும். எங்கள் துறைமுகத்தில் இது வழக்கமாகிவிட்டது.

இரண்டு வருஷத்தில் அஞ்சப்பன் நன்றாகத் தேறினார். இந்த வருஷ மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிற சமயம். அறுபத்தொரு நாள் கட்டிக் கிடந்த போட்டெல்லாம் ஒரே விடியற்காலையில் கடலுக்குப் போகவேண்டும். ஒரே முதலாளியின் இரண்டு போட்டில் மேனிபோல்டு துருவேறி ஓட்டை விழுந்திருந்தது. ஒரு போட்டுக்கு மாசிலாமணி டிரைவர். இன்னொன்றுக்கு அவன் தம்பி பக்கிரிசாமி. புது மேனிபோல்டு இரண்டும் லாரியில் வந்து சேர்ந்தது கிளம்புவதற்கு முந்தின நாள். மேஸ்திரி வேறு பதினோரு போட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். இந்த இரண்டையும் அஞ்சப்பனிடம் விட்டார்.

அன்று மத்தியானம் அஞ்சப்பன் என் கடைக்கு வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"அஞ்சடி ஹோஸ் ரெண்டு வேணும்ப்பா. புது மேனிபோல்டுல தண்ணி போற வாய் எதிர்ப்பக்கம் இருக்கு. பழைய ஹோஸ் கீழ்வாய்க்கு எட்ட மாட்டேங்குது."

"அந்த சைஸ் தீர்ந்துபோச்சு. ரெண்டு நாள் ஆகும்."

"விடிஞ்சா போட் போவணும்."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? எந்த வாய்க்கு எட்டுதோ அதுல மாட்டுங்க. தண்ணி உள்ள போயி வெளிய வந்தா சரிதானே?"

கடையில் கூட்டம். பத்து பேர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். எரிச்சலில் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் நின்று யோசித்துவிட்டுப் போனார்.

பழைய ஹோஸ் மேல்வாய்க்கு எட்டியது. மேலே தண்ணீரை விட்டு, கீழ்வாயிலிருந்து வெளியே எடுத்து மாட்டினார். இரண்டு போட்டிலும் அப்படித்தான். ஓட்டிப் பார்த்தார்கள். பின்பக்கத்துப் புகைக்குழாயில் புகையோடு சேர்ந்து தண்ணீர் நன்றாகக் கொட்டியது. மேஸ்திரி வந்து கை வைக்கட்டும் என்று அஞ்சப்பன் சொன்னார். பொழுது போய்க்கொண்டிருந்தது. அடுத்த போட்டின் என்ஜின் குழிக்குள்ளிருந்து மேஸ்திரி தலையை மட்டும் நீட்டிக் கேட்டார்.

"தண்ணி வருதாண்ணே?"

"கொட்டுது மேஸ்திரி."

"சரி. சூடம் காட்டச் சொல்லுங்க."

மூன்றாம் நாள் காலையில் மாசிலாமணி செத்துப்போனான். வலை பாரமாக இருந்ததால் என்ஜினை முறுக்கி இழுத்திருக்கிறார்கள். என்ஜின் ரூமிலிருந்து புகை வந்தது. என்னவென்று பார்க்க அவன் இறங்கினான். இறங்கினவன் ஏறவில்லை. கயிறு கட்டி இழுத்துப் போட்டபோது மூச்சு இல்லை. இன்னொரு போட் அவர்களைக் கட்டி இழுத்துக்கொண்டு சாயங்காலம் கரைக்கு வந்தது. உடம்பை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் மத்தியானம்தான் வீட்டுக்குக் கொடுத்தார்கள்.

போலீஸ் வந்து பார்த்துவிட்டு, பழைய என்ஜின், புகை அடைத்துவிட்டது என்று எழுதிக்கொண்டு போனது. அதன்பிறகுதான் மேஸ்திரியை போட்டுக்குள் விட்டார்கள். அஞ்சப்பனும் நானும் கூடப் போனோம். எதற்காகப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை.

மேஸ்திரி டார்ச் அடித்துப் பார்த்தார். மேனிபோல்டின் மேல்பக்கம் ஒரு ஜாண் நீளத்துக்குப் பெயிண்ட் கருகி உரிந்து கிடந்தது. அந்த இடத்தில் வாய் பிளந்து ஒரு விரிசல். கீழ்ப்பக்கம் பெயிண்ட் புதுசாக இருந்தது.

அஞ்சப்பன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மேஸ்திரி, வெளிய தண்ணி நல்லாத்தானே வந்துச்சு. அப்புறம் எப்படி எரிஞ்சுது?"

மேஸ்திரி மூலையில் கிடந்த காலித் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். படுக்கவைத்து, மேல்பக்கம் ஒரு ஓட்டை, கீழ்ப்பக்கம் ஒரு ஓட்டை போட்டார். அஞ்சப்பன் கையில் கொடுத்தார்.

"மேல்ஓட்டை வழியா ஊத்துங்க."

அஞ்சப்பன் குவளையால் ஊற்றினார். மேலே போன தண்ணீர் கீழ் ஓட்டை வழியாக ஓடிக்கொண்டே இருந்தது. பாட்டிலின் அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. மேலே முழுக்கக் காலி.

"வெளிய தண்ணி வருதா?"

"வருது."

"பாட்டில் ரொம்பிச்சா?"

அஞ்சப்பன் ஊற்றுவதை நிறுத்தினார்.

மேஸ்திரி பாட்டிலை வாங்கினார். ஒரு துண்டு ஹோஸைக் கீழ் ஓட்டையில் செருகித் தண்ணீரை விட்டார். தண்ணீர் மெதுவாக ஏறி, உள்ளே இருந்த காற்றையெல்லாம் மேலே தள்ளி, பாட்டில் முழுக்க நிறைந்து, மேல் ஓட்டை வழியாக வழிந்தது.

அஞ்சப்பன் அப்படியே என்ஜின் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் வேறுபக்கம் பார்த்தேன். எட்டினால் சரி என்று சொன்ன வாய் என்னுடையதுதான்.

"மாசிலாமணியை நான்தான் கொன்னேன்."

அஞ்சப்பன் சட்டென்று தலையை நிமிர்த்தினார்.

"மேஸ்திரி, பக்கிரி போட்டுலயும் அப்படித்தான் மாட்டியிருக்கேன்."

மேஸ்திரி பாட்டிலைக் கீழே வைத்தார். பக்கிரி அப்போது எங்கே இருக்கிறான் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். துறைமுகத்துக்கே தெரியும். அண்ணன் செத்த சேதி முந்தின நாள் ஒரு போட்டிலிருந்து இன்னொரு போட்டுக்குச் சொல்லி, ஆழக்கடலில் இருந்த அவனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வலையைச் சுருட்டிப் போட்டுவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்க்க ராத்திரி பகலாக முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தான். அவனுக்காகத்தான் வீட்டில் உடம்பை இன்னும் எடுக்காமல் வைத்திருந்தார்கள். அஞ்சு மணிக்கு மேல் தாங்காது என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். அப்போது மணி மூன்றே கால்.

மீனவர் சங்கத்து ஆபீசில் வயர்லெஸ் இருக்கிறது. அங்கே ஓடினோம். ஓடினோம் என்று சொல்கிறேனே தவிர, அஞ்சப்பனால் ஓட முடியாது. மேஸ்திரி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வாசலில் அஞ்சப்பன் நின்றார்.

"நீங்க பேசுங்க மேஸ்திரி. வேகத்தைக் குறைச்சு வரச் சொல்லுங்க. அது போதும்."

"அண்ணன் முகத்தைப் பார்க்க வர்றவன் சும்மா சொன்னா குறைப்பானா?"

"வேற ஏதாவது சொல்லுங்க. டீசல் சரியில்லைன்னு சொல்லுங்க."

"டீசல் சரியில்லைன்னா நடுவுல நின்னுடுமோன்னு இன்னும் வேகமா வருவான்."

"எல்லா போட்டும் கேக்குமே மேஸ்திரி. அவங்க வீட்டு ஆளுங்க பாதிப் பேர் கடல்ல இருக்காங்க. சாவு வீட்டுப் பந்தல்ல உக்காந்திருக்கவன் கையிலயும் ஒரு வயர்லெஸ் செட்டு இருக்கும்."

"ஆமா."

"என்னைக் கொன்னுடுவாங்க."

"அவன் போட்டுல அவனோட சேத்து ஏழு பேர் இருக்காங்கண்ணே."

அஞ்சப்பன் உள்ளே போனார். வயர்லெஸ் பார்க்கிறவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நாற்காலியைக் கொடுத்தார்.

"பக்கிரி. பக்கிரி. நான் அஞ்சப்பன் பேசுறேன்."

இரண்டு தடவை கூப்பிட்டதும் சத்தம் வந்தது. பின்னால் என்ஜின் அலறிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க மாமா. அஞ்சரைக்கு வந்துடுவேன். அரை மணி நேரம் பொறுத்துக்கச் சொல்லுங்க. ஒரே அரை மணி நேரம்."

அவன் குரலைக் கேட்டதும் அஞ்சப்பன் மைக்கை மேஸ்திரி பக்கம் நீட்டினார். மேஸ்திரி பக்கத்தில் நின்றார். மைக்கை வாங்கிக்கொள்ளவில்லை.

"பக்கிரி, என்ஜினை நிறுத்து."

"என்ன மாமா சொல்றீங்க?"

"உங்க அண்ணன் போட்டுல மேனிபோல்டை நான் தப்பா மாட்டிட்டேன். மேல விட வேண்டிய ஹோஸைக் கீழயும், கீழ விட வேண்டியதை மேலயும் மாட்டிட்டேன். மேல்பக்கம் தண்ணி போகலை. அதான் எரிஞ்சு வெடிச்சு, புகை அடைச்சுச்சு. அவன் செத்தது அதனாலதான். உன் போட்டுலயும் அதே மாதிரிதான் மாட்டியிருக்கேன். நிறுத்திடு தம்பி."

என்ஜின் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. மைக்கை அமுக்கிப் பிடித்தபடியே அவன் நின்றிருக்க வேண்டும்.

"நீங்களா மாமா?"

"நான்தான்."

"மேஸ்திரி கை வைக்கலையா?"

"மேஸ்திரிக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. நான்தான்..."

மேஸ்திரி அப்போதுதான் மைக்கைப் பிடுங்கினார்.

"நாகமுத்து பேசுறேன். கை வைக்கிறது என் வேலை. ரெண்டு போட்டுலயும் வைக்கலை. தண்ணி வருதுன்னு சொன்னதும் விட்டுட்டேன்." மைக்கைத் திரும்ப அஞ்சப்பனிடம் கொடுத்தார்.

பக்கிரி கேட்டான். "நிறுத்தினா எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆறணும். அப்புறம் ஹோஸை மாத்தணும். ஒண்ணரை மணி நேரம்."

"நிறுத்தாம மெதுவா வந்தா?"

அஞ்சப்பன் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"பெயிண்ட் கருகுற வாடை வருதா தம்பி?"

"காலையிலேர்ந்து வருது."

"அப்ப மெதுவாவும் வராதே. யாரையும் கீழ இறங்க விடாதே."

பக்கிரி யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டினான். யாரை என்று தெரியவில்லை. எங்கள் மூன்று பேரில் ஒருத்தராகத்தான் இருக்கும். பிறகு என்ஜின் சத்தம் நின்றது.

அந்த நிசப்தத்தில் நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அதன்பிறகு நடந்தது வேலை. குழியை நன்றாகக் காற்றாட விட்டு, மேனிபோல்டு ஆறினபிறகு பக்கிரியே இறங்கினான். அவன் ஆள் ஒருவன் மேலே நின்று மைக்கில் பேசினான். அஞ்சப்பன் ஒவ்வொன்றாகச் சொன்னார். கடல்தண்ணீர் வால்வை அடை. மேல்வாயில் இருக்கிற கிளிப்பைத் தளர்த்து. கீழ்வாயில் இருப்பதையும் கழற்று. இப்போது மேலே இருந்த ஹோஸைக் கீழ்வாய்க்கு இழு.

"எட்ட மாட்டேங்குதாம் மாமா."

"தெரியும்." அஞ்சப்பன் கண்ணை மூடிக்கொண்டார். "தளம் கழுவுற ஹோஸ்ல அஞ்சடி வெட்டிக்க."

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "அது தாங்குமா?"

அந்த ஹோஸும் நான் விற்றதுதான். "பாதி வேகத்துல வந்தா நாலு மணி நேரம் தாங்கும். ஹோஸோட வாய் கொஞ்சம் பெருசு. கிழிஞ்ச சைக்கிள் டியூப்பைச் சுத்திட்டு மேல கிளிப்பை இறுக்கணும்."

"நிஜமாவே நாலு மணி நேரமா, இல்ல சும்மா நீ நினைக்கிறதா?"

"தாங்கும் மேஸ்திரி. நான் சொல்றேன்."

அஞ்சப்பன் அதையும் சொன்னார். அவர்கள் டியூப் தேடினார்கள். கிடைக்கவில்லை. பக்கிரி தன் மழைக்கோட்டின் ரப்பரைக் கிழித்துச் சுற்றினான் என்று மேலிருந்தவன் சொன்னான்.

அப்போதுதான் வெளியே மேளச்சத்தம் கேட்டது. மாசிலாமணி வீடு ஆபீசுக்குப் பின்தெரு. வெடி போட்டார்கள். நான் எழுந்து ஜன்னலை அடைத்தேன். அடைத்தும் கேட்டது. மைக் திறந்திருந்தது.

இந்தத் தடவை பக்கிரியே பேசினான்.

"மாமா, அங்க என்ன சத்தம்?"

அஞ்சப்பன் மூடிய ஜன்னலைப் பார்த்தார்.

"மாமா."

"எடுத்துட்டாங்க தம்பி."

மேளம் தெருமுனை தாண்டிப் போகிறவரைக்கும் அவன் மைக்கை அணைக்கவில்லை. நாங்களும் அணைக்கவில்லை. கடைசியாக அவன் குரல் சாதாரணமாக வந்தது.

"மாட்டியாச்சு. அடுத்து என்ன?"

"வால்வைத் திற. என்ஜினைப் போடு. வேகம் குடுக்காதே. ஒட்டுப்போட்ட இடத்துல ஒழுகுதா பாரு."

"ஒழுகலை."

"பத்து நிமிஷம் ஓடட்டும்."

பத்து நிமிஷம் ஓடியது. அறைக்கடிகாரத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இப்ப கையை வை. மேல்பக்கம். முழு உள்ளங்கையும் வை. பயப்படாதே."

"பயம் எனக்கு இல்லை."

"ஒரு முனையிலேர்ந்து மறு முனை வரைக்கும் தடவு."

"சுடலை."

"எங்கயுமா?"

"எங்கயும் சுடலை மாமா."

"பாதி வேகம்தான். அதுக்கு மேல முறுக்காதே. வழி முழுக்க ஒரு ஆள் பக்கத்துல நிக்கட்டும்."

"சரி."

அஞ்சப்பன் மைக்கை வைக்கப்போனார். திரும்பவும் சத்தம் வந்தது.

"மாமா."

"சொல்லு தம்பி."

"நான் கரைக்கு வர்றேன்."

அவ்வளவுதான் சொன்னான். அணைத்துவிட்டான்.

ஆபீஸ் வாசலில் ஆட்கள் சேரத் தொடங்கியிருந்தார்கள். கடலில் கேட்டது கரையிலும் கேட்டுவிட்டது. யாரும் உள்ளே வரவில்லை, யாரும் போகவும் இல்லை. அஞ்சப்பன் நாற்காலியை விட்டு எழ முயன்றார். முட்டி பிடித்துக்கொண்டது. நான் கை கொடுத்தேன்.

"அவன் வந்து என்ன செய்வான் மேஸ்திரி?"

"தெரியாதுண்ணே."

"வெட்டினாலும் வெட்டுவான்."

"தெரியாது."

"நான் ரெண்டு நாள் தங்கச்சி ஊருக்குப் போயிடவா? அவன் கோவம் கொஞ்சம் தணியட்டும். இல்ல, அவங்க வீட்டுக்குப் போயி வாசல்ல விழட்டுமா? எது சரி?"

மேஸ்திரி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கையில் கருகின பெயிண்ட் ஒட்டியிருந்தது. வேட்டியில் துடைத்தார், போகவில்லை.

"எங்க போறதுன்னாலும் போங்கண்ணே. நான் போட் கட்டுற ஜெட்டிக்குப் போறேன்."

"அவன் வர ஒம்பது மணி ஆகுமே. இப்பவே போயி அங்க என்ன வேலை?"

"அவங்க ஆளுங்க எல்லாரும் சுடுகாட்டுல இருக்காங்க. போட் வந்து அணைஞ்சா கயிறு பிடிக்க ஆள் வேணும்ல."